கூடியும் குறைந்தும் வரும் சப்-கான்ட்ராக்ட் வருமானம்: மனைவியின் விசாவுக்கு எந்தத் தொகை கணக்கில் வரும்?

கேள்வி: பிரித்தானியாவில் நிரந்தர வதிவிட உரிமையுடன் கட்டட வேலையில் சப்-கான்ட்ராக்டராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலுள்ள மனைவியை அழைக்க வேண்டும். 2024-25 வரியாண்டில் 41,000 பவுண்டுக்கு இன்வாய்ஸ் கொடுத்தேன், சி.ஐ.எஸ். (கட்டடத் தொழிலுக்கான வரிப்பிடித்த முறை) பிடித்தம் போக 33,000 பவுண்ட் வங்கிக்கு வந்தது. வரிப்படிவத்தில் இலாபம் 27,400 பவுண்ட். அதற்கு முந்தைய ஆண்டின் இலாபம் 36,200 பவுண்ட். 20,000 பவுண்ட் சேமிப்பும் இருக்கிறது. இந்த வருமானம் போதுமா? போதாவிட்டால் வரிப்படிவத்தைத் திருத்திவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். அது சரியா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் தொகைகளில் விசா அதிகாரி எடுத்துக்கொள்வது 27,400 பவுண்டைத்தான். சி.ஐ.எஸ். முறையில் வேலை செய்பவர் சட்டத்தின் பார்வையில் சுயதொழில் செய்பவர். ஆகவே தொழிற்செலவுகளைக் கழித்தபின், வருமான வரி கட்டுவதற்கு முன் நிற்கும் இலாபமே அவருடைய வருமானமாகும். இன்வாய்ஸ் மொத்தத்தை எழுதி அனுப்பி மறுப்புக் கடிதம் வாங்கியவர்கள் பலர். வங்கிக்கு வந்த 33,000 பவுண்டை வருமானம் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. ஒப்பந்த நிறுவனம் கூலிப் பகுதியிலிருந்து பிடித்துக்கொள்ளும் 20 விழுக்காடு (பதிவு செய்யாதவருக்கு 30 விழுக்காடு) உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் வரியே தவிர, தொழிற்செலவு அல்ல. எனவே இலாபத்தைக் கணக்கிடும்போது அது குறைக்கப்படுவதில்லை.

2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கான குறைந்தபட்ச வருமானம் ஆண்டுக்கு 29,000 பவுண்ட். கடைசி ஆண்டை மட்டும் காட்டினால் உங்களுக்கு 1,600 பவுண்ட் குறைகிறது. ஆனால் சுயதொழில் வருமானம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை விதிகளே ஏற்றுக்கொண்டு இரண்டு வழிகளைத் தருகின்றன: கடைசியாக முடிந்த முழு வரியாண்டின் இலாபத்தைக் காட்டுவது, அல்லது கடைசி இரண்டு முழு வரியாண்டுகளின் சராசரியைக் காட்டுவது. இரண்டாவது வழியில் உங்கள் சராசரி 31,800 பவுண்ட் ஆகிறது. அது போதும்.

இங்கே நாட்காட்டியைக் கவனிக்க வேண்டும். வரியாண்டு ஏப்ரல் 5-இல் முடிகிறது. 2026 ஏப்ரல் 6-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தால் கடைசி இரண்டு ஆண்டுகள் என்பவை 2024-25, 2025-26 ஆகிவிடும். 36,200 பவுண்ட் ஈட்டிய நல்ல ஆண்டு கணக்கிலிருந்தே விழுந்துவிடும். 2025-26 ஆண்டின் இலாபம் 29,000 பவுண்டுக்குக் குறையும் என்று தோன்றினால், அந்தத் தேதிக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணத்தைச் செலுத்திவிடுங்கள். கட்டணம் செலுத்திய நாளே விண்ணப்ப நாளாகக் கொள்ளப்படும். மாறாக, அந்த ஆண்டு வேலை நன்றாக நடந்திருந்தால் காத்திருப்பதில் இழப்பில்லை. படிவத்தை மறு ஆண்டு ஜனவரி 31 வரை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏப்ரல் 6 முதலே தாக்கல் செய்யலாம்.

சேமிப்பு உங்களுக்கு உதவாது. சுயதொழில் வருமானத்தின் குறையைச் சேமிப்பால் ஈடுகட்ட விதி இடம் தரவில்லை. சேமிப்பை மட்டுமே நம்புவதென்றால் 88,500 பவுண்ட் வேண்டும். உங்கள் மனைவி இலங்கையில் பெறும் சம்பளமும் இந்த முதல் விண்ணப்பத்தில் கணக்கில் வராது.

வரிப்படிவத்தைத் திருத்துவது பற்றி நண்பர்கள் சொன்னதை நான் கடுமையாகவே மறுக்கிறேன். உண்மையான பிழை இருந்தால், தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் திருத்தும் உரிமை உண்டு. கூடுதல் வரியைக் கட்டி, பிழை எப்படி நேர்ந்தது என்பதற்கான ஆதாரத்தையும் வைத்திருக்க வேண்டும். செய்த செலவை விசாவுக்காக மறைத்து இலாபத்தை உயர்த்துவது வேறு விஷயம். வரித்துறைக்கு ஒரு தொகையும் உள்துறைக்கு வேறொரு தொகையும் சொன்னதாகக் கூறி, நேர்மையின்மையைக் காரணம் காட்டித் திறன்சார் குடியேற்ற வழியில் வந்த பலரின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. அவை 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றன. குற்றச்சாட்டுக்கு விளக்கம் தர வாய்ப்பளிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே ஒழிய, பொய்க் கணக்குக்கு மன்னிப்பு வழங்கவில்லை. சராசரி வழி திறந்திருக்கும்போது உங்களுக்கு அந்த ஆபத்து எதற்கு?

ஆவணங்களுக்கு வருவோம். சராசரி வழியைத் தேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்கும் தனித்தனியே சான்று தேவை: தாக்கல் செய்த வரிப்படிவம், எஸ்.ஏ. 302 எனும் வரித்துறைக் கணக்கீடு, கட்டிய வரியையும் நிலுவையையும் காட்டும் வரித்துறை அறிக்கை, யூ.டி.ஆர். எண் (வரித்துறை உங்களுக்குத் தந்த அடையாள எண்), அந்தந்த வரியாண்டின் 12 மாதங்களையும் முழுமையாக உள்ளடக்கும் வங்கி அறிக்கைகள். தொழிலுக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தால் அதன் அறிக்கைகளையும், அங்கிருந்து பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்ததைக் காட்டும் அறிக்கைகளையும் சேர்த்தே தர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் உறுப்பினரான கணக்காளரிடம் இரு ஆண்டுகளின் கணக்கையும் அவருடைய உறுதிக் கடிதத்தையும் பெறுங்கள். கையில் ரொக்கமாக வாங்கிய கூலி வரிப்படிவத்தில் இடம்பெற்று, வங்கியிலும் போடப்பட்டிருந்தால் மட்டுமே பயன்படும்.

ஒப்பந்த நிறுவனம் மாதந்தோறும் தரும் சி.ஐ.எஸ். பிடித்தச் சீட்டுகள் கட்டாயப் பட்டியலில் இல்லாவிட்டாலும், உங்கள் நிலையில் நான் அவற்றைத் தவறாமல் இணைப்பேன். இன்வாய்ஸில் 41,000, வங்கியில் 33,000, படிவத்தில் 27,400 என்று மூன்று தொகைகளைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகம் எழுவது இயல்பு. முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள 8,000 பவுண்ட் பிடித்தம் என்பதை அச்சீட்டுகள் காட்டும். இன்வாய்ஸ் தொகைக்கும் இலாபத்துக்கும் இடையிலுள்ள 13,600 பவுண்டை வேன், கருவிகள், பொருட்கள் ஆகிய செலவுகளின் கணக்கு காட்டும். இதை ஒரு பக்க விளக்கக் கடிதமாக எழுதி முன்னால் வையுங்கள். சீட்டு ஏதேனும் தொலைந்திருந்தால் நிறுவனத்திடம் நகல் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் தொழில் நடக்கிறது என்பதற்கும் சான்று வேண்டும். விண்ணப்ப நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் தேதியிட்ட, வேலைக்கான வரவுகளைக் காட்டும் வங்கி அறிக்கை அதற்குப் போதுமானது. அக்காலத்தில் நீங்கள் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்து வரவு எதுவும் இல்லையென்றால், தொழில் காப்பீட்டுக் கட்டணம் செலுத்திய அதே காலத்து ரசீதை இணைக்கலாம்.