மவுண்டன் பைக் கேள்வி-பதில்: மிருகம் கண்ணுல படலன்னா அது அங்க இல்லன்னு அர்த்தமா?

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல மழை பத்தியும், 'போர்டு வச்சிருக்காங்க, பரவால்லயா போலாமா' ரகமும்தான். வந்த வரிசையிலயே பதில் சொல்றேன்.

மழை விட்டு எத்தனை மணி நேரம் கழிச்சு ட்ரெயில்ல, அதாவது காட்டு மண்பாதையில, எறங்கலாம்?

மணி கணக்கெல்லாம் கெடயாது, மண்ணுதான் சொல்லும். மணல் கலந்த மண்ணு சீக்கிரம் வடிஞ்சிரும், களிமண்ணுக்கு ரெண்டு மூணு நாள் கூட ஆகும். டயர் தடம் ஒரு இன்ச் ஆழத்துக்கு பதிஞ்சா அன்னிக்கு ரைடு அவ்ளோதான், திரும்பிருங்க. அந்த தடம் காஞ்சி கெட்டியானதும் அடுத்த மழைத் தண்ணி அதுலயே ஓடும், ஓடி ஓடி வாய்க்கால் ஆயிரும்.

வழியில சேறு தேங்கி நின்னா சுத்திப் போலாம்ல?

கூடாது. நடுவுலயே போங்க, வேணும்னா எறங்கி தள்ளிட்டு போங்க. ஆளாளுக்கு ஓரமா சுத்திப் போனா ஒரு சீசன்ல ட்ரெயில் ரெண்டு மடங்கு அகலமாயிரும். ட்ரெயில விட்டு எறங்காதீங்க, இத இன்னிக்கு இன்னும் நாலு எடத்துல சொல்லுவேன்.

நடந்து போறவங்கள விட சைக்கிள்காரங்கதான் மிருகங்களுக்கு தொல்லைன்னு சொல்றாங்களே, உண்மையா?

நேருக்கு நேர் பாக்குற அந்த ஒரு நிமிஷத்த மட்டும் எடுத்துக்கிட்டா பெரிய வித்தியாசம் இல்ல. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து ஆன்டிலோப் தீவுல பைசன்ற காட்டெருமை, மியூல் மான், ப்ராங்ஹார்ன்ற மான் மாதிரி மிருகம் மூணையும் வச்சு பாத்தாங்க, 2003-ல வெளிவந்துச்சு, நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும் அதுங்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மெரண்டு ஓடுச்சு. ஆனா இத மட்டும் புடிச்சுக்கிட்டு வாதாடாதீங்க. நடக்குறவர் அர நாள்ல பத்து கிலோமீட்டர் போனா நீங்க முப்பது போவீங்க, அப்போ அத்தன மிருகத்த கூடுதலா கெளப்பி விடுறீங்க. அதே அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து ஸ்டார்க்கி காட்டுல எல்க் மானுங்களுக்கு இருக்குற எடத்த காட்டுற காலர் மாட்டி பாத்தப்போ, அதுங்க அதிகமா வெலகுனது மோட்டார் வண்டிக்கு, அடுத்தது சைக்கிளுக்கு, நடக்குறவங்களும் குதிரையில போறவங்களும் அதுக்கு அப்புறம்தான். மேயுற நேரத்துல ஓடிட்டு இருந்தா அந்த தீனி நஷ்டம் குளிர்காலத்துலதான் தெரியும்.

ட்ரெயில் போடுறோம், 10 சதவீதம் சரிவு வச்சா ஓகேவா?

மலைச்சரிவு எவ்ளோன்னு எழுதவே இல்லயே, இத சொல்லாம நான் எப்படி ஓகே சொல்றது? 10 சதவீதம்ங்கிறது, அதாவது 100 மீட்டர் போனா 10 மீட்டர் ஏறுறது, மொத்த ட்ரெயிலோட சராசரிக்கு. அதுக்கு மேல பாதி விதின்னு ஒண்ணு இருக்கு: மலைச்சரிவு 16 சதவீதம்னா ட்ரெயில் சரிவு 8-ஐ தாண்டக்கூடாது, தாண்டுனா தண்ணி குறுக்கால வடியாம ட்ரெயில் வழியாவே எறங்கும். வெளிப்பக்கமா, பள்ளம் இருக்குற பக்கமா, ஒரு 5 சதவீதம் சாய்வு குடுங்க, எறக்கத்துல நடுநடுவுல சின்ன சின்ன ஏத்தம் வைங்க, தண்ணி அங்கங்க வெளிய போயிரும். ஓடைய ஒரே எடத்துல நேர் குறுக்கா தாண்டுங்க. இதுக்கெல்லாம் முன்னாடி, மண்வெட்டிய எடுக்குறதுக்கு முன்னாடி, அந்த எடத்து மிருகம் பறவை தெரிஞ்ச ஒருத்தரோட குட்டி போடுற, கூடு கட்டுற சீசன்ல ஒரு தடவ முழுசா நடந்து பாருங்க.

பைக்ல மணி கட்டினா போதுமா?

நல்லதுதான், ஆனா போதாது. சைக்கிள் சத்தமில்லாம வேகமா வரும், அதுதான் ஆபத்தே. 2016-ல அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்து க்ளேசியர் தேசியப் பூங்கா பக்கத்துல ஒரு ரைடர் வளைவுல திரும்புன வேகத்துல க்ரிஸ்லி கரடி மேலயே மோதிட்டாரு, கரடி தாக்கி எறந்துட்டாரு. முன்னாடி இருக்கறது தெரியாத வளைவுல வேகத்த கொறைங்க, கத்தி குரல் குடுங்க.

எங்க ஏரியாவுல ரெண்டு ட்ரெயிலுக்கு நடுவுல இருக்குற புதர்க்காட்டுல நாங்களே ஒரு ஷார்ட்கட் வெட்டிட்டோம், ரெண்டடி அகலம்தான், ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது, ஆப்ல ஜிபிஎஸ் ட்ராக்கும் போட்டாச்சு, இதுவரைக்கும் ஒரு மிருகத்தையும் பாக்கல, இத எப்படி அங்கீகாரம் வாங்குறது?

மொதல்ல அந்த ட்ராக்க அழிங்க. படிக்கிறத நிறுத்திட்டு இப்பவே அழிச்சுட்டு வாங்க.

ரெண்டடின்றது உங்க டயருக்கு. மானுக்கு அது ரெண்டடி இல்ல. மேல சொன்ன அதே ஆன்டிலோப் தீவு ஆய்வுல, ட்ரெயில்ல ஆள் வந்தா 100 மீட்டருக்குள்ள நிக்கிற மியூல் மான் ஓடுறதுக்கு 70 சதவீதம் வாய்ப்பு இருந்துச்சு. ஆள் ட்ரெயில விட்டு வெளிய வந்தா அது 96 சதவீதம் ஆச்சு, திரும்ப 70-க்கு எறங்குறதுக்கு ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி போக வேண்டியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் நூறு நூறு மீட்டர்னு கொறச்சலாவே வச்சுக்குவோம், ஒரு கிலோமீட்டருக்கு 20 ஹெக்டேர், கிட்டத்தட்ட 50 ஏக்கர் ஆயிருச்சு. ரெண்டடியா இது?

இன்னொரு கணக்கு இருக்கு, அதத்தான் யாரும் போட்டுப் பாக்குறதில்ல. உங்க ரெண்டு ட்ரெயிலுக்கும் நடுவுல 400 மீட்டர் காடு இருக்குன்னு வைங்க, ரெண்டு ஓரத்துலயும் நூறு நூறு போச்சுன்னா நடுவுல 200 மீட்டர் மிருகம் நிம்மதியா படுத்து அசைபோட மிஞ்சும். அந்த நடுவுல உங்க ஷார்ட்கட் ஓடுற நீளம் முழுக்க ரெண்டு பக்கமும் நூறு போயிடும், அங்க மிச்சம் பூஜ்யம். காடு பச்சையா அப்படியேதான் நிக்கும், போட்டோ எடுத்தா ஒரு மரம் கூட கொறஞ்சிருக்காது, ஆனா மான் இருக்க எடம் இருக்காது. நீங்க ஒண்ணையும் பாக்கலன்னு எழுதியிருக்கீங்களே, அது உங்க பக்கத்து சாட்சி இல்லங்க, அங்க ஏற்கனவே ஒண்ணும் நிக்கிறதில்லன்னு கூட அதுக்கு அர்த்தம் இருக்கலாம்.

அதே ஆய்வுல அங்க வந்த ஆளுங்ககிட்டயும் கேட்டாங்க. பாதி பேர் மிருகங்களுக்கு எங்களால பாதிப்பே இல்லன்னாங்க, பாதிப்புன்னு ஒத்துக்கிட்டவங்க மத்த கூட்டத்தாலதான்னு கை காட்டுனாங்க. இருவது வருஷமா எனக்கு வர்ற கடிதமும் இதே மாதிரிதான் இருக்கு, நடக்குறவர் சைக்கிள சொல்றாரு, சைக்கிள்காரர் குதிரைய சொல்றாரு.

அங்கீகாரம் கேட்டீங்க. வெட்டிட்டு கேக்குறது அங்கீகாரம் இல்ல. காட்ட நிர்வகிக்கிறவங்ககிட்ட நேர்ல போய் நாங்கதான் வெட்டுனோம், மூடுறதுக்கு நாங்களே வந்து வேல செய்யறோம்னு சொல்லுங்க. ரெண்டு முனையிலயும் மெயின் ட்ரெயில்லேர்ந்து கண்ணுக்கு தெரியுற தூரம் வரைக்கும், ஒரு 20, 30 மீட்டர், மண்ண கெளறி விட்டு விழுந்த கெளை, இலைதழை போட்டு மூடணும், வழி தெரியலன்னா யாரும் நுழையமாட்டாங்க. நான் பாத்த ஒரு எடத்துல இப்படி மூடுன ட்ரெயில் ஆப்ல மட்டும் அழியாம கெடந்துச்சு, மூணு தடவ மூடியும் மூணு தடவையும் தெறந்துட்டாங்க. அதனாலதான் மொதல்ல ட்ராக்க அழிங்கன்னேன்.

நைட் ரைடு போனா கூட்டமும் இல்ல, மிருகங்களுக்கும் தொந்தரவு இல்லல்ல?

தப்பு கணக்கு. மனுஷங்க தொல்லையால பாலூட்டிங்க பகல விட்டு ராத்திரிக்கு மாறிட்டு வருது, 62 வகை மிருகங்கள பத்தின 76 ஆய்வுங்கள சேத்து பாத்து 2018-ல இத வெளியிட்டாங்க. அதுங்களுக்கு மிஞ்சுனது ராத்திரி மட்டும்தான், அங்கயும் லைட்டோட போகாதீங்க. விடியற நேரம், அந்தி நேரமும் வேண்டாம்.

தரையில கூடு கட்டுற பறவைக்காக ட்ரெயில மூடிட்டாங்க, ஆனா அங்க பறவையே கண்ணுல படல, போலாமா?

மறுபடியும் 'பாக்கல'. தரையில அட காக்குற பறவை உங்க கண்ணுல படாம இருக்கத்தான் அந்த நெறத்துல இருக்கு. ஸ்காட்லாந்துல கேப்பர்கெய்லின்ற காட்டுக்கோழி எனம் 2021-22 கணக்கெடுப்புல ஐந்நூத்தி சொச்சம்தான் மிச்சம், கொறஞ்சதுக்கு காரணம் பல இருக்கு, ஆள் நடமாட்டமும் அதுல ஒண்ணு. கூட்ட விட்டு தாய் எழுந்து போச்சுன்னா முட்டை சில்லிட்டுரும், இல்லன்னா நரியோ காக்காவோ தூக்கிட்டு போயிரும். போர்டுல போட்ட தேதி வரைக்கும் வேற ட்ரெயில் ஓட்டுங்க.

பைக்க எப்போ கழுவணும்?

போறதுக்கு முன்னாடி, வந்ததுக்கு அப்புறம், ரெண்டு தடவையும். டயர் சேத்துல களை விதையும் நோயும் சேந்து பயணம் போகும். நியூசிலாந்துல கௌரி மரத்தோட வேர கொல்லுற ஃபைட்டாப்தோரா கிருமி கடுகளவு மண்ணுல பரவும், அதுக்காக 2018-ல ஆக்லாந்து பக்கம் வைடாக்கரே மலையில காட்டையே மூட வேண்டியதாச்சு. ப்ரஷ் போட்டு தேச்சு காய வைங்க. கிருமிநாசினி வச்சிருந்தா கழுவுனதுக்கு அப்புறம் அடிங்க, சேத்து மேலயே அடிச்சா வேல செய்யாது.

இ-பைக், அதாவது பேட்டரி மோட்டார் வச்ச சைக்கிள், ஓட்டலாமா?

அந்த ட்ரெயில்ல அனுமதி இருந்தா ஓட்டுங்க. அனுமதி உண்டான்னு எனக்கு எழுதாதீங்க, அங்க கேளுங்க. முன்னாடி யாரும் போக முடியாத தூரத்துக்கு இப்போ சுளுவா போலாம், அதனால எது எல்லைன்னு கெளம்புறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க.

நாய் கூடவே ஓடி வரும், கயிறு இல்லாம, ரொம்ப சாது, யாரையும் கடிக்காது.

கடிக்கிறது பிரச்சனையே இல்ல. அது ட்ரெயில விட்டு எறங்கும். வீட்டுல விட்டுட்டு வாங்க.