மல்லாந்து படுத்துப் பாடியவர்

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொல்லித்தான் அமெரிக்கப் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டைக் கேட்க ஆரம்பித்தேன். ஆனால் 'சூப்பர் ஃப்ளை' போதைமருந்து விற்பவனைப் பற்றிய படம். அதற்குப் பாட்டுப் போட்டவரை எப்படிச் சமூக அக்கறையுள்ள கலைஞர் என்கிறீர்கள்? பாவம், 1990 விபத்தோடு அவர் கதையும் முடிந்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள தம்பி,

பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு இதைக் கேட்டிருக்கலாம். படம் அந்த ஆளை மினுக்கிக் காட்டியது. கர்டிஸ் பாடியதோ அந்தத் தொழிலில் மாட்டிச் செத்துப்போன ஃப்ரெடி என்ற இன்னொரு பாத்திரத்துக்காக. படத்தில் அந்தப் பாட்டின் இசை மட்டும்தான் வரும். வரிகள் 1972-இல் வந்த இசைத்தட்டில் இருக்கின்றன. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

'பாவம்' என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிகாகோவில் ஏழைகளின் குடியிருப்பில் வளர்ந்த பையன். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்குத் தக்கபடி கிடாரைச் சுருதி கூட்டித் தானாகக் கற்றுக்கொண்டவர். 'பீப்பிள் கெட் ரெடி' என்ற பாட்டு வந்தபோது வயது 22. அதட்டாத அந்த மெல்லிய குரலைத்தான் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது.

1990 ஆகஸ்டில் புரூக்ளினில் ஒரு திறந்தவெளி மேடையில் விளக்குகளைத் தாங்கிய சட்டகம் அவர்மேல் சரிந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. கிடார் போயிற்று. பாட மூச்சும் போதவில்லை. மல்லாந்து படுத்தால் கொஞ்சம் பாட முடிந்தது. அப்படியே படுத்து, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார். 1996-இல் 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' இசைத்தட்டு வந்தது. முடிந்துவிட்டதாம் கதை!

என் அத்தை பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். "தண்ணி" என்பார், மூச்சு வாங்குவார். அடுத்த சொல் வருவதற்குள் நாங்கள் டம்ளரை வாயில் வைத்துவிடுவோம். அவரும் குடித்துவிடுவார். ஒருநாள் வீட்டில் தண்ணீர் தீர்ந்துபோய், நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் மிச்சமும் வந்தது: "தண்ணி... முருங்கைக்கு... ஊத்துனியா?"

எத்தனை நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. பாவம் பாவம் என்றுதான் நாங்களும் ஓடி ஓடிப் பார்த்தோம். அதனால்தான் அந்தச் சொல்லைக் கண்டால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள்மேல் தனியாகக் கோபமில்லை, தம்பி.

கர்டிஸ் 1999 டிசம்பர் 26 அன்று இறந்தார். அந்தக் கடைசி இசைத்தட்டை இன்று ராத்திரி, வேறு வேலை எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா