கிளட்ச் பெடல் தரையோடு போச்சா? கியர்பாக்ஸை இறக்கும் முன் படிங்க – கேள்வி பதில்

பதில்கள் எல்லாம் ஆயில் (பிரேக் ஆயில்) அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் உள்ள சின்ன கார்களுக்கு. மாருதி 800, ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

கேள்வி (வேளச்சேரி): சார், காலையில பெடலை மிதிச்சேன், தரையோட போயிடுச்சு, மேல வரவே இல்ல. கிளட்ச் பிளேட் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்னு மெக்கானிக் சொல்றார். இறக்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிளேட் தேய்ந்தால் வேறு மாதிரி தெரியும். கத்திப்பாரா பாலம் ஏறும்போது இன்ஜின் மட்டும் இரையும், வண்டி வேகம் எடுக்காது, கருகிய வாடை வரும். பெடல் சொத்தென்று விழுந்தால் முதலில் ஆயில் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுத்தால் கிளட்ச் விடுபடவில்லை என்று அர்த்தம். அடுத்து பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு இருந்தால் பெடலைக் கையால் தூக்கித் தூக்கிப் பத்துத் தடவை வேகமாக மிதியுங்கள். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானால் லைனில் ஏர் இருக்கிறது.

கடைசியாக ஒருவரை மிதிக்கச் சொல்லி, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் லோயர் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிப்பது) ராடைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டராவது நகர வேண்டும். ராடு நன்றாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால்தான் கிளட்சை விடுவிக்கும் உள்பாகங்களான ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட் மேல் சந்தேகம் வரவேண்டும். கியர்பாக்ஸ் இறக்குவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

கேள்வி (அம்பத்தூர்): எங்கேயும் ஒழுகல் இல்ல, ஆயிலும் குறையல. ஆனா சிக்னல்ல முதல் கியர்ல மிதிச்சு வச்சிருந்தா கொஞ்ச நேரத்துல வண்டி தானா நகரப் பாக்குது.

பதில்: பெடலோடு சேர்ந்த அப்பர் சிலிண்டர் (மாஸ்டர்) உள்ளே இருக்கும் கப் வாஷர் (ரப்பர் சீல்) தேய்ந்திருக்கலாம். அழுத்தம் தாங்காமல் ஆயில் பிஸ்டனைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிப் போகிறது. வெளியே ஒரு சொட்டு வராததால்தான் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

உறுதி செய்ய: அப்பரிலிருந்து லோயருக்குப் போகும் ரப்பர் ஹோஸை அதற்கென்று உள்ள கிளாம்பால் அழுத்திப் பிடித்துவிட்டு மிதியுங்கள். பெடல் கல் மாதிரி நின்றால் அப்பர் நல்லாயிருக்கிறது, கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் அப்பரேதான். கட்டிங் பிளேயரால் ஹோஸை நசுக்காதீர்கள், உள்ளே கிழிந்துவிடும்.

கேள்வி (தாம்பரம்): டிரைவர் பக்க மேட் பிசுபிசுன்னு இருக்கு, டேஷ்போர்டுல பிரேக் வார்னிங் லைட்டும் எரியுது. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டா அண்ணே?

பதில்: உண்டு. பெடல் ராடு வழியாக அப்பர் ஒழுகுகிறது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் குழாயை டப்பாவில் சற்று உயரத்தில் வைத்திருப்பார்கள். கிளட்ச் ஆயில் முழுக்கப் போனாலும் பிரேக்குக்கு மிச்சம் நிற்கும். அதை நம்பி ஓட்டாதீர்கள். அந்த லைட் எரியும்போது பிரேக் லைனிலும் ஒழுகல் இல்லை என்று நான்கு சக்கரத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா? எவ்வளவு ஆயில் வேணும்?

பதில்: எடுக்கலாம், இரண்டு பேர் வேண்டும். சீல் பிரிக்காத அரை லிட்டர் ஆயில், லோயர் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிளுக்குப் பொருந்தும் ஸ்பேனர், ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூப், பாட்டில் போதும். டப்பா மூடியில் டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண்) என்றிருந்தால் டாட் 3 அல்லது 4, டாட் 4 என்றிருந்தால் 4 ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான் ஆயில், இதோடு சேராது. இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு ஸ்பூன் கலந்தாலும் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும். மொத்த சிஸ்டத்தையும் மாற்ற வேண்டி வரும்.

டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கணும். உள்ளே இருப்பவர் மெதுவாக முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றை மறுபடி இழுத்துக்கொள்ளும். பெடல் தானாக வராவிட்டால் கையால் தூக்கி, இரண்டு மூன்று விநாடி விட்டு மறுபடி மிதியுங்கள். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள், காற்று புகுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குமிழி நின்று, தெளிந்த ஆயில் வரும்வரை தொடருங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் துடைப்பதோடு நிறுத்தாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி (போரூர்): அப்பர் புதுசு போட்டாச்சு, ஒரு மணி நேரமா மிதிச்சும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு.

பதில்: புது அப்பரை ஆயில் நிரப்பாமல் அப்படியே மாட்டியிருப்பார்கள். காற்று மேலே ஏறும் பொருள், மிதித்து மிதித்துக் கீழே தள்ளுவது கஷ்டம். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் புது ஆயில் நிரப்பி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெதுவாக ஏற்றுங்கள். டப்பா பொங்காமல் முன்னாடியே கொஞ்சம் உறிஞ்சிவிடுங்கள்.

பெடல் ராடிலும் சிறு ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் ஆயில் திரும்பும் துளை மூடியே நிற்கும். சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல பிளேட்டும் வழுக்க ஆரம்பிக்கும்.

கேள்வி (ராயபுரம்): சிலிண்டருக்குள்ள போடுற ரப்பர் கிட் மட்டும் மாத்துனா போதுமா? ஜி.பி. ரோடுல கிட் கிடைக்குது.

பதில்: சிலிண்டர் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் போதும். விரல் நகத்தில் கீறலோ குழியோ தட்டினால் முழு சிலிண்டர்தான். கழுவும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது, ரப்பர் கெடும்; பிரேக் ஆயிலாலேயே கழுவச் சொல்லுங்கள். அப்பரும் லோயரும் ஒரே வயதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. புது அப்பரின் முழு அழுத்தம் வந்ததும் பழைய லோயர் ஒழுக ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி (மடிப்பாக்கம்): எங்க வண்டியில லோயர் வெளியில இல்லையாம், கியர்பாக்ஸுக்குள்ள இருக்காம்.

பதில்: ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்த வகை அது. அது ஒழுகினால் கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆக வேண்டும், இறக்கணும் என்று மெக்கானிக் சொன்னால் அது சரிதான். இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட்டைப் பாருங்கள். ஆயில் குடித்த பிளேட்டைக் கழுவிப் போடாதீர்கள். கியர்பாக்ஸ் திரும்ப ஏறும்வரை யாரும் பெடலைத் தொடக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கேள்வி (சோழிங்கநல்லூர்): கிளட்ச் போய் ஓ.எம்.ஆர்.ல நடுவழியில நின்னா முதல் கியர்லயே ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு ஓட்டிடலாமா?

பதில்: சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ரோட்டில் வேண்டாம். கியரில் ஸ்டார்ட் ஆனதும் வண்டி பாயும், முன்னால் பைக் நிற்கும். ஓரம் தள்ளி, ஹசார்டு போட்டு, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (முடிச்சூர்): 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வண்டி மூழ்கிச்சு. இன்ஜின் வேலை பாத்தாங்க, கிளட்ச் ஆயிலை மாத்தல.

பதில்: உடனே மாற்றுங்கள், பிரேக் லைனிலும் சேர்த்து. இந்த ஆயில் காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். மூடி வழியாக வெள்ளத் தண்ணீரும் போயிருக்கலாம். ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு பிடிக்கும், கொதிநிலையும் இறங்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி என்பதுதான் தர அளவு. வெள்ளம் பார்க்காத வண்டிக்கும் சென்னைக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றணும். டப்பாவில் ஆயில் கருப்பாகத் தெரிந்தால் அதுவரை கூடக் காத்திருக்க வேண்டாம், ரப்பர் கரைய ஆரம்பித்திருக்கலாம்.