ஷன்டில் ஈயம் வைக்க வேண்டாம்

தம்பி, சோளகக் காற்றில் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வர மின்சாரச் சைக்கிளின் இழுவை போதவில்லை, மோட்டருக்கு மின்சாரம் விடும் 36 வோல்ட் 15 அம்பியர் கொன்ட்ரோலரில் கரண்டை அளக்கும் ஷன்ட் கம்பியில் ஈயம் உருக்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஈயம் வைத்தால் கம்பியின் தடை குறையும். கொன்ட்ரோலர் 15 என்று கணக்குப் பண்ணிக்கொண்டே 20, 25 அம்பியர் விடும். நானும் அப்படிச் செய்து, நாவற்குழிப் பாலத்தடியில் கொன்ட்ரோலரின் மொஸ்ஃபெட் (மோட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) எரிந்து ஷோர்ட் ஆனது. இறங்கித் தள்ளினால் பிரேக் பிடித்த மாதிரிச் சில்லு இறுகி இறுகித்தான் உருண்டது. மோட்டரின் மூன்று தடித்த வயர்களையும் கழற்றிய பிறகுதான் லேசானது.

முதலில் பற்றரியின் பிஎம்எஸ் (உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்கியூட்) தொடர்ந்து எத்தனை அம்பியர் தாங்கும் என்று பாருங்கள். 25 என்றால் 20 அம்பியர் கொன்ட்ரோலர் வாங்கலாம். 36, 48 இரண்டுக்கும் பொருந்துவதாக, உள்ளே 63 வோல்ட் கப்பாசிட்டர் உள்ளதாக எடுங்கள். இப்போதைய கொன்ட்ரோலரின் கப்பாசிட்டரில் 50 வோல்ட் என்றிருந்தால் 48 வோல்ட் பற்றரியைக் கொடுக்கவே கூடாது. முழுச் சார்ஜில் அது 54.6 வோல்ட்.

சரி, புதியதைப் பூட்டும்போது வயர் நிறத்தை நம்பாதீர்கள். சில்லைத் தூக்கிவைத்து அக்சிலேற்றரை மெல்லத் திருகிப் பாருங்கள். உதறினாலோ, சுமையில்லாமலே கூடுதலாக அம்பியர் இழுத்தாலோ மோட்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹோல் சென்சர் வயர்களின் வரிசை பிழை. கனெக்டர்களைக் கடலேரி உப்புக்காற்று படாமல் சுற்றிவிடுங்கள், பச்சை பிடித்துவிடும்.