வைரஸ் தூங்குகிறது, மாத்திரை எதற்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு 41 வயது. ஒன்பது ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன், இப்போது டி.எல்.டி. மாத்திரை. நான்கு ஆண்டுகளாக வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) ரிப்போர்ட்டில் 'டார்கெட் நாட் டிடெக்டட்', அதாவது வைரஸ் தென்படவில்லை என்றே வருகிறது. வைரஸ் செல்லுக்குள் தூங்கும், அதை எழுப்புவது 'டாட்' என்ற புரதம் என்று படித்தேன். தூங்குகிற வைரஸுக்குத் தினமும் மாத்திரை எதற்கு? கொஞ்ச காலம் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்தது சரிதான், மீதியையும் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. நம் சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன் மரபணுக்களைச் செருகிவிடும். அந்தச் செல் ஓய்வுக்குப் போனால் வைரஸும் கூடவே அடங்கிவிடும். அதைப் படியெடுக்க வரும் நம் நொதி அறுபது எழுத்து போல எழுதிவிட்டுத் தடுமாறி நின்றுவிடும். எழுதிய அந்தத் துண்டு ஆர்.என்.ஏ. தானாக மடங்கிக் கொண்டை ஊசி போல நிற்கும். அதன் ஒரு பக்கத்தில் மூன்றெழுத்து அளவுக்கு ஒரு சின்னப் புடைப்பு. டாட் வந்து பிடிப்பது அந்தப் புடைப்பைத்தான்.

டாட் மிகச் சின்ன புரதம். பெரும்பாலும் 101 அமினோ அமிலங்கள். தனியாக இருந்தால் உறுதியான வடிவம் கிடையாது, தளர்ந்த நூல் மாதிரி கிடக்கும். நம் செல்லில் உள்ள சைக்ளின் டி1 (Cyclin T1) புரதத்தோடு சேர்ந்த பிறகே உருவம் பெறும். சைக்ளின் டி1 தன் ஜோடியான சிடிகே9 நொதியோடு இருக்கும். இந்த ஜோடியை டாட் அப்படியே கொண்டை ஊசிக்கு இழுத்து வருகிறது. சிடிகே9 பாஸ்பேட்டை ஏற்றியதும், நின்றுபோன நொதி கடைசிவரை எழுதி முடிக்கிறது. அதிலிருந்து மேலும் டாட், அதனால் மேலும் எழுத்து. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு வியப்பு தீராத இடம் இது. உழைப்பதெல்லாம் நம் செல்லின் கருவிகள்!

சரி, உங்கள் மாத்திரை இதில் எங்கே வருகிறது? எங்குமே இல்லை. அதிலுள்ள மூன்று மருந்துகளில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் வைரஸின் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர், அது நம் டி.என்.ஏ.வில் நுழைவதைத் தடுக்கிறது. விழித்த வைரஸ் புதிய செல்லைப் பிடிக்காமல் காப்பதுதான் மாத்திரையின் வேலை. தூங்கவைப்பது அதன் வேலையே இல்லை. எங்கோ சில செல்களில் வைரஸ் விழித்துக்கொண்டேதான் இருக்கிறது. மாத்திரையை விட்டால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் ரத்தத்தில் மறுபடி தெரிந்துவிடும்.

நிறுத்திப் பார்ப்பதை ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். 2006-இல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில் 5,472 பேர் இருந்தார்கள். சிடி4 எண்ணிக்கையைப் பார்த்து விட்டுவிட்டு மருந்து எடுத்தவர்களுக்கு, விடாமல் எடுத்தவர்களைவிடச் சந்தர்ப்பவாதத் தொற்றும் (எதிர்ப்புசக்தி குறைந்த நேரம் பார்த்துப் பற்றுவது) மரணமும் இரண்டு மடங்குக்கும் மேல். டாட்டையே முடக்கும் வேதிப்பொருட்கள் ஆய்வுக்கூடத்தில் உண்டு, மருந்துக்கடைக்கு வரவில்லை.

ஒன்பது ஆண்டு தினமும் மாத்திரை விழுங்குவது சலிப்புதான், எனக்குப் புரிகிறது. தூக்கம் கெடுகிறதா, எடை கூடுகிறதா, வீட்டில் மறைத்து வைப்பது சிரமமா? எதுவானாலும் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மனம்விட்டுச் சொல்லுங்கள். மருந்தையோ நேரத்தையோ மாற்ற வழி இருக்கும். அப்புறம், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று உங்கள் பழைய சீட்டில் பாருங்கள். அந்த வைரஸையும் இதே டெனோஃபோவிரும் லாமிவுடினும்தான் அடக்கி வைக்கின்றன. திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாக வீங்கலாம்.