சொல் விளக்கம்: தட்டுப்பாடா, பற்றாக்குறையா?

கேள்வி: குடிநீர்த் தட்டுப்பாடு, குடிநீர்ப் பற்றாக்குறை என்று ஒரே செய்தியில் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. முன்னால் ஓர் எண்ணை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். ரேஷன் கடைக்கு 2,000 கிலோ சர்க்கரை தேவை. வந்தது 1,500 கிலோ. ‘500 கிலோ பற்றாக்குறை’ என்போம். ‘500 கிலோ தட்டுப்பாடு’ என்று யாரும் சொல்வதில்லை. பற்றாக்குறை என்பது கணக்கில் விழும் துண்டு. பேச்சில் ‘பத்தலை’ என்கிறோமே, அந்தப் ‘பற்று’தான் இது. பட்ஜெட்டில் பற்றாக்குறை வருவதும், பணியிடங்களை எண்ணி ‘ஆசிரியர் பற்றாக்குறை’ என்பதும் அதனால்தான்.

தேடுகிறவர் கைக்குப் பொருள் வந்து சேராத நிலை தட்டுப்பாடு. பொருள் எங்கோ இருக்கலாம். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, கணக்கில் பணம் வைத்திருந்தவர்களும் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்றார்கள். அது பணத் தட்டுப்பாடு. பற்றாக்குறை என்று எழுதினால், அவர்களிடம் இருந்த பணம் போதவில்லை என்றாகிவிடும்.

குடிநீருக்கு இரண்டு சொல்லும் பொருந்தும். ஏரியின் இருப்பு ஊருக்குக் காணாது என்றால் பற்றாக்குறை. குழாய் உடைந்து நான்கு நாள் தண்ணீர் வராவிட்டால், ஏரி நிரம்பிக் கிடந்தாலும் தெருவில் தட்டுப்பாடு. முன்னதற்கு மழை பெய்ய வேண்டும். பின்னதற்குக் குழாயைச் சரிசெய்ய ஆள் வர வேண்டும். சொல்லை மாற்றிப் போட்டால் தவறு யாருடையது என்பதே மறைந்துவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: ‘கண்ணில் தட்டுப்பட்டது’ என்றால் தென்பட்டது. ‘தட்டுப்பாடு’ மட்டும் கிடைக்காமை ஆனது எப்படி?

பதில்: ‘தட்டு’க்குத் தொடுதல், மோதுதல் ஒரு பொருள், தடை இன்னொன்று. தட்டுப்படுதல் முதல் வகை. கல்யாணம் தட்டிப்போனது, பெரியவர்கள் சொல்லைத் தட்டாதே, தட்டுத்தடங்கல் ஆகியவற்றில் இருப்பது தடை. தட்டுப்பாடும் அந்தப் பக்கம்தான். ‘தட்டுபாடு’, ‘பற்றாகுறை’ என்று எழுதுவது பிழை. ‘தட்டு’ வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல். ‘பற்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதாவது ‘பற்றாத’ என்பது கடைசி எழுத்தை இழந்து நிற்பது. இரண்டின் பின்னும் வல்லினம் மிகும்.

கேள்வி: ‘தக்காளிப் பஞ்சம்’ என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஊரே உணவின்றித் தவிப்பது பஞ்சம். 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தைக் குறித்த சொல். ‘பேச்சுக்குப் பஞ்சமில்லை’ என எதிர்மறையில் வரும்போது மட்டும் அதன் கனம் குறைகிறது. தக்காளிக்குத் தட்டுப்பாடு போதும்.