மூன்று சின்னத் துளை, ஆறு கிழமை ஓய்வு

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். கர்ப்பப்பையில் கட்டிகள், மாதவிடாய் வந்தால் பத்து நாளாகியும் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் 8. ஹோர்மோன் லூப் வைத்தும் சரிவரவில்லை. பையை எடுப்போம் என்கிறார் டொக்டர். துளை போட்டுச் செய்தால் ஒரு கிழமையில் வேலைக்கு வரலாம் என்கிறாள் தோழி. பை போனால் பெண்மையும் போய்விடும் என்கிறார் மாமி. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் வேறு இருக்கிறோம். என்ன செய்ய, அக்கா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் மாமிக்கு. ஹோர்மோனைச் சுரப்பவை சூலகங்கள், பை அல்ல. அவற்றை விட்டுவைத்தால் மாதவிடாய்தான் நிற்கும். அவற்றையும் எடுத்தால் சில நாட்களிலேயே உடம்பு கொதிக்கும், வியர்க்கும். ஆகவே, "சூலகங்களை எடுப்பீர்களா, ஏன்?" என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கருப்பைக் கழுத்தை விட்டுவைத்தால், அங்கே புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கும் பப் பரிசோதனை தொடர வேண்டும்.

வயிற்றை வெட்டியும் செய்யலாம், கீழ் வழியாகவும் செய்யலாம், சின்னத் துளை போட்டு, லப்பரஸ்கோப் என்ற கமராக் குழாயை விட்டும் செய்யலாம். பழைய சிசேரியன் தழும்பில் மூத்திரப்பை ஒட்டியிருக்கக்கூடும். எது தோது என்பதைக் கட்டியின் அளவையும் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் அளவு கூட வேண்டும். இரும்புக் குளிசையைப் பிளேன்ரீயோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது.

தோழி சொன்னதில்தான் எனக்குக் கோபம். வெளியே சின்னத் துளைதான். ஆனால் பையை எடுத்த இடத்தில், உள்ளே போட்ட தையல் எந்த முறையிலும் ஆறக் கிழமைகள் எடுக்கும். 22 வருடம் பெண்கள் வார்டில் நர்ஸாக இருந்து எத்தனையோ பேருக்கு இதைச் சொன்னவள் நான். எனக்கே ஒப்பரேஷன் நடந்தபோது, மூன்றாம் கிழமை நல்ல சுகம் என்று நினைத்து நிறைந்த வாளியைத் தூக்கினேன். பின்னேரமே இரத்தம் பட்டது. டொக்டரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது.

துளை முறையென்றால் மேசை வேலைக்கு மூன்று, நான்கு கிழமையில் போகலாம். வயிற்றை வெட்டினால் ஆறு முதல் எட்டுக் கிழமை. எந்த முறையானாலும் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, தாம்பத்தியமும் வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். காய்ச்சல், பேட் நனையும் இரத்தம், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி ஏறலாம், பயமில்லை. கைபிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி நின்று ஏறுங்கள். மரக்கறிப் பையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். தேங்காய் துருவும் திருவலையை மாமியிடம்.